குடும்ப நிதியும் சராசரிக் கணக்கும்

குடும்பங்களின் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றை ஒரே சராசரி எண்ணால் சொல்லும்போது, அந்த எண் பல நேரம் எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தாமல் போகிறது. காரணங்கள் இரண்டு. பணம் சிலரிடம் குவிந்திருப்பதால் அவர்களுடைய தொகை சராசரியை மேலே தூக்கிவிடுகிறது. இது பலரும் அறிந்தது. மொத்தத் தொகையை எத்தனை குடும்பங்களால் வகுத்தார்கள், அவை எந்தக் குடும்பங்கள் என்பதைத்தான் அவ்வளவாக யாரும் கேட்பதில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய அகில இந்தியக் கடன், முதலீட்டு ஆய்வின்படி, ஊரகக் குடும்பத்தின் சராசரிக் கடன் ரூ.59,748; நகர்ப்புறத்தில் ரூ.1,20,336. கடனே இல்லாத வீடுகளையும் சேர்த்து வகுத்த கணக்கு இது. உண்மையில் ஊரகத்தில் 35 சதவீதம், நகரத்தில் 22.4 சதவீதம் குடும்பங்களுக்கே கடன் இருந்தது. அவற்றால் மட்டும் வகுத்தால் சராசரி முறையே ரூ.1,70,533, ரூ.5,36,861 என்று ஏறிவிடுகிறது. ஆய்வறிக்கை இரண்டு கணக்கையும் தருகிறது. ஆனால் மாதாமாதம் வட்டி கட்டும் வீட்டின் சுமைக்கு அருகில் வருவது பின்னதுதான். அதிலும்கூட, வங்கியில் வீட்டுக்கடன் வாங்கியவரும் மருத்துவச் செலவுக்காகக் கந்துவட்டிக்குக் கைநீட்டியவரும் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். குடும்பத்தை முறிப்பது பெரும்பாலும் வட்டிதான் என்பதால், இதைச் சிறிய குறையாக ஒதுக்கிவிட முடியாது.

கடன் குறைந்த இடத்தில் வசதி கூடியிருக்கிறது என்று கொள்வதும் பிழை. அதே ஆய்வில் ஊரகத் தெலங்கானாவில் 67.2 சதவீதக் குடும்பங்களுக்குக் கடன் இருந்தது. ஊரக நாகாலாந்தில் 6.6 சதவீதம். கொடுக்க ஆள் இருந்தால்தானே வாங்க முடியும்?

சொத்துக் கணக்கில் குவிப்பின் விளைவு இன்னும் கூர்மையானது. நகர்ப்புறக் குடும்பத்தின் சராசரிச் சொத்து ரூ.27,17,081. நகர்ப்புறக் குடும்பங்களின் மொத்தச் சொத்தில் 55.7 சதவீதம் மேல்நிலையில் உள்ள பத்தில் ஒரு பங்குக் குடும்பங்களிடம் இருந்தது. கீழ்ப்பாதிக் குடும்பங்கள் அனைத்துக்கும் சேர்த்துக் கிடைத்தது 6.2 சதவீதம். கணக்கிட்டால், மேல்நிலையில் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய். கீழ்ப்பாதியில் மூன்றரை லட்சத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி குடியிருக்கும் வீடும் நிலமும். அவசரத்துக்குக் கையில் எடுக்கக்கூடிய பணமல்ல.

சராசரிக்கு மாற்றாகப் புள்ளியியலாளர் பயன்படுத்துவது இடைநிலை அளவு: குடும்பங்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பதன் அளவு. அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் ஆய்வில், 2022-இல் குடும்பத்தின் சராசரி நிகரச் சொத்து சுமார் 10,60,000 டாலர். இடைநிலை அளவு 1,92,900 டாலர்தான்.

தனிநபர் வருமானத்தை நான்கால் பெருக்கிக் ‘குடும்ப வருமானம்’ என்று சொல்வோரும் உண்டு. அது நாட்டு வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்த எண். நிறுவனங்கள் பங்குதாரருக்குப் பகிராமல் வைத்துக்கொண்ட லாபமும் அதற்குள் அடங்கும். எந்த வீட்டுக்கும் வந்துசேராத பணம் அது.