சென்னையின் பழைய மதிலுக்கு வெளியே ஓர் ஊர்: ராயபுரத்தை நடந்தே பார்ப்பது எப்படி?

இந்தியாவில் இன்னும் இடிக்கப்படாமல் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது எங்கே இருக்கு? மும்பையிலும் இல்லை, கொல்கத்தாவிலும் இல்லை. வடசென்னையில், ராயபுரத்தில் இருக்கு. தினமும் அந்த வழியாகப் போகும் பலருக்கே இது தெரியாது.

சென்னையில் 'ஹெரிடேஜ் வாக்' என்றால் கோட்டை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி என்றுதான் பெரும்பாலும் கிளம்புவாங்க. ராயபுரம் என்றதும் மீன், துறைமுகம், கன்டெய்னர் லாரி ஞாபகம்தான் வரும். ஆனால் சுமார் 5 கி.மீ. நடந்தால் இங்கே 250 ஆண்டு வரலாற்றைப் பார்த்துவிடலாம். வழிகாட்டி தேவையில்லை. கையில் மொபைல் மேப், காலில் நல்ல செருப்பு இருந்தால் போதும். மண்ணடி மெட்ரோவில் தொடங்கி வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் முடிக்கலாம்.

ராயபுரத்தில் அப்படி என்ன ஸ்பெஷல்?

கோட்டையை ஆட்சியாளர்கள் கட்டினாங்க. ஜார்ஜ் டவுனை வணிகர்கள் வளர்த்தாங்க. இந்த இரண்டுக்கும் பாதுகாப்பாக ஒரு மதில் எழுப்பப்பட்டது. ராயபுரம் அந்த மதிலுக்கு வெளியே வளர்ந்த ஊர். படகோட்டிகள், பஞ்சத்தில் ஓடி வந்தவர்கள், நோயாளிகள், ரயில் தொழிலாளர்கள் என்று நகரத்துக்கு உழைத்தவர்களும் நகரம் ஓரமாக ஒதுக்கியவர்களும் வாழ்ந்த இடம் இது. இங்கே இருக்கும் பழைய கட்டடங்கள் இவர்களுடைய தேவைக்காக வந்தவை. பெரும்பாலானவை இன்றும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கு.

முதல் நிறுத்தம்: பழைய நகர மதில்

மண்ணடியிலிருந்து வடக்கே நடந்தால் பழைய சிறைச்சாலை சாலை வரும். அந்தப் பக்கத்தில் 'மாடிப் பூங்கா' என்று கேளுங்க. தரையைவிட உயரத்தில் ஒரு பூங்கா இருக்கும். அது நிற்பது பழைய நகர மதிலின் மிச்சத்தின் மேல்.

1758-59-ல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. அடுத்த 10 ஆண்டுகளுக்குள் ஹைதர் அலியின் படை நகரத்தின் வாசல் வரை வந்துபோனது. பயந்துபோன கிழக்கிந்திய கம்பெனி, அப்போது 'கறுப்பர் நகரம்' என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பியது. கான்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. 1770-களின் தொடக்கத்தில் வேலை முடிந்தது.

செலவை யார் தலையில் கட்டுவது? மதிலுக்குள் குடியிருக்கும் மக்களிடமே வரி வாங்கலாம் என்று கம்பெனி திட்டம் போட்டது. அது நடக்கவில்லை. ஆனால் மேற்கு மதிலை ஒட்டிய சாலைக்கு வந்த பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நாம் இன்றும் சொல்கிற 'வால்டாக்ஸ் ரோடு' அதுதான்.

மதிலின் பெரும்பகுதி காலப்போக்கில் இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட சின்னமாக வைத்திருக்கு. இங்கிருந்து வடக்கே நீங்கள் வைக்கும் ஒவ்வொரு அடியும் பழைய நகரத்துக்கு வெளியே என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

இரண்டாவது நிறுத்தம்: ராயபுரம் ரயில் நிலையம்

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853-ல் மும்பையிலிருந்து தாணேவுக்கு ஓடியது. அடுத்த ஆண்டு ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு ஓடியது. மூன்றாவதாக, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. போய்ச் சேர்ந்த இடம் சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள வாலாஜா ரோடு. நிலையத்தைத் திறந்து வைத்தவர் அப்போதைய கவர்னர் ஹாரிஸ் பிரபு.

மும்பையின் போரி பந்தர் நிலையம் இருந்த இடத்தில் பிறகு விக்டோரியா டெர்மினஸ் வந்தது. தாணேயின் பழைய கட்டடமும் இல்லை, ஹவுராவின் முதல் கட்டடமும் இல்லை. அதனால்தான் மூன்றாவதாக வந்த ராயபுரத்துக்கு 'மிகப் பழையது' என்ற பெருமை கிடைத்திருக்கு.

கட்டடத்தின் முன்னால் நின்று அந்த உயரமான தூண்களைப் பாருங்க. ரயில் நிலையம் என்பதைவிட மாளிகை என்று சொன்னால் நம்பிவிடலாம். 1873-ல் சென்ட்ரல் நிலையம் வந்த பிறகு ராயபுரத்தின் முக்கியத்துவம் மெல்ல மெல்லக் குறைந்தது. நீண்ட காலம் கவனிப்பில்லாமல் கிடந்த கட்டடம் 2005-ல் புதுப்பிக்கப்பட்டது. இதை நகரத்தின் பெரிய ரயில் முனையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கு. இப்போதைக்குக் கடற்கரை - கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் போகும் மின்சார ரயில்கள் இங்கே நிற்குது.

மூன்றாவது நிறுத்தம்: ராயப்பர் ஆலயம்

ஸ்டேஷனிலிருந்து வடக்கே மாதா கோவில் தெருக்களை நோக்கி நடந்தால் புனித பேதுரு ஆலயம் வரும். ஊரின் பெயருக்கான விளக்கமும் இங்கேதான் இருக்கு. ஏசுவின் சீடரான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'ராயப்பர்' என்று அழைப்பது வழக்கம். பவுலைச் 'சின்னப்பர்' என்று சொல்வதுபோல. ராயப்பர் பெயரால் வந்த ஊர்தான் ராயபுரம் என்று சொல்லப்படுது.

இந்த ஆலயத்தை 1829-ல் கட்டியவர்கள் படகுத் தொழில் செய்த குருகுல சமூகத்தினர். அன்றைய சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரைக்கு வரணும். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை ஓங்கி அடித்தாலும் பலகை வளைந்து கொடுக்கும், உடையாது. கவர்னராக இருந்தாலும் சிப்பாயாக இருந்தாலும் இந்தப் படகோட்டிகளை நம்பித்தான் சென்னையில் கால் வைக்க முடிந்தது. பேதுருவும் ஒரு மீனவர். கடலை நம்பிப் பிழைத்தவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை.

நான்காவது நிறுத்தம்: பார்சி அக்னிக் கோயில்

ஆலயத்துக்குப் பக்கத்திலேயே, மேற்கு மாதா கோவில் தெருவில், தமிழ்நாட்டின் ஒரே பார்சி அக்னிக் கோயில் இருக்கு. பெயர் ஜால் ஃபிரோஜ் கிளப்வாலா தர்-ஏ-மெஹர். பெயரில் இருக்கும் ஜால் ஒரு சிறுவன். 13 வயதில் இறந்துபோன மகனின் நினைவாக, தந்தை ஃபிரோஜ் கிளப்வாலா 1910-ல் இதைக் கட்டிக் கொடுத்தார்.

சென்னையில் பார்சிகள் எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம். இந்தக் கோயில் வருவதற்கு முன்பு, இங்கே அவர்களுக்கென்று நிரந்தரமாக ஓர் அக்னிச் சந்நிதி இல்லை. கோயிலுக்குள் பார்சிகளுக்கு மட்டும்தான் அனுமதி. மற்றவர்கள் தெருவிலிருந்தே முகப்பைப் பார்த்துவிட்டு நகரலாம்.

ஐந்தாவது நிறுத்தம்: கஞ்சித் தொட்டியும் ஸ்டான்லியும்

இங்கிருந்து தென்மேற்கே, ரயில் பாதையைக் கடந்து வந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. இந்தப் பகுதிப் பெரியவர்களிடம் கேட்டால் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்வாங்க. கிண்டலுக்காக வைத்த பெயர் இல்லை அது.

1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியுடன் போர் நடந்தது. கிராமங்கள் சூறையாடப்பட்டன, பஞ்சம் வந்தது. பசியோடு மக்கள் சென்னை நோக்கித் திரண்டு வந்தாங்க. 1782-ல் மதிலுக்கு வெளியே கஞ்சி ஊற்றும் இடம் ஒன்று தொடங்கப்பட்டது. அதுதான் மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் வாயில் 'மணேகர் சவுல்ட்ரி' ஆனது. பசியோடு வந்தவர்கள் நோயோடும் வந்ததால், 1799-ல் டாக்டர் ஜான் அண்டர்வுட் அங்கே மருத்துவமனை தொடங்கினார். பிறகு அதை ஒட்டி ராயபுரம் மருத்துவப் பள்ளி வளர்ந்தது. கவர்னராக இருந்த ஸ்டான்லியின் பெயரில் 1938-ல் அது மருத்துவக் கல்லூரியானது.

இன்று தமிழ்நாடே அறிந்த ஒரு மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் ஒரு கஞ்சித் தொட்டி. மணியக்காரர் சத்திரமும் மூடப்படவில்லை. ஆதரவற்ற முதியவர்களுக்கான இல்லமாக இன்றும் நடக்குது.

இதே வட்டாரத்தில்தான் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையும் இருக்கு. ராஜா சர் சவலை ராமசாமி முதலியாரின் நன்கொடையில் 1880-ல் தொடங்கியது. சென்ட்ரல் எதிரே பயணிகளுக்காகச் சத்திரம் கட்டியவரும் இவர்தான். வடசென்னையில் எத்தனையோ குடும்பங்களில் பாட்டி, அம்மா, பேத்தி என மூன்று தலைமுறைப் பிரசவமும் இங்கேதான் நடந்திருக்கும்.

கடைசி நிறுத்தம்: ராபின்சன் பூங்கா

மேப்பில் 'அறிஞர் அண்ணா பூங்கா, ராயபுரம்' என்று தேடுங்க. பழைய பெயர் ராபின்சன் பூங்கா. பெரிய கட்டடம் எதையும் எதிர்பார்த்துப் போகாதீங்க. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் இங்கேதான் நடந்தது, அதுவும் கொட்டும் மழையில். கட்சி உருவான இடம் ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு. ஆனால் மக்கள் முன்னால் அது முதலில் வந்து நின்றது மதிலுக்கு வெளியே, தொழிலாளர்கள் நிறைந்த ராயபுரத்தில். 18 ஆண்டுகள் கழித்து, 1967-ல் அந்தக் கட்சி ஆட்சியைப் பிடித்தது.

இந்தக் கட்டடங்களுக்குப் பாதுகாப்பு இருக்கா?

தொல்லியல் துறையின் பாதுகாப்பு மதிலுக்குத்தான் இருக்கு. ரயில் நிலையம் ரயில்வேயின் பொறுப்பு. மருத்துவமனைகள் அரசின் பொறுப்பு. ஆலயமும் அக்னிக் கோயிலும் அந்தந்தச் சமூகத்தின் பராமரிப்பில் இருக்கு. பாரம்பரியக் கட்டடங்களுக்காகத் தமிழ்நாடு 2012-ல் தனிச் சட்டமே இயற்றியது.

இவற்றில் எதுவும் அருங்காட்சியகம் இல்லை. இன்றும் புழக்கத்தில் இருப்பதால்தான் பல கட்டடங்கள் தப்பித்திருக்கு. அதே புழக்கம் ஆபத்தாகவும் மாறலாம். கூட்டம் அதிகமாகும்போது 'இடித்துவிட்டுப் புதுசா கட்டலாமே' என்ற பேச்சு முதலில் வருவது இப்படிப்பட்ட கட்டடங்களுக்குத்தான். அப்போது 'வேண்டாம்' என்று சொல்ல, அதன் அருமை தெரிந்த நாலு பேராவது ஊரில் இருக்கணும்.

போகும் முன் கவனிக்க

* ஞாயிறு காலை 6.30 மணிக்குத் தொடங்கினால் வெயிலும் நெரிசலும் குறைவு. நிதானமாகப் பார்க்க 3 மணி நேரம் ஒதுக்குங்க.
* ஆலயத்தில் ஞாயிறு காலை திருப்பலி நடக்கும். அந்த நேரத்தில் உள்ளே சுற்றிப் பார்ப்பதைத் தவிருங்க.
* ரயில் நிலையத்துக்குள் போகப் பயணச்சீட்டோ பிளாட்பாரம் டிக்கெட்டோ வேணும். படம் எடுக்கும் முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.
* மருத்துவமனைகளை வெளியிலிருந்து பார்த்தாலே போதும். நோயாளிகளைப் படம் எடுக்க வேண்டாம்.
* துறைமுகச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் எந்த நேரத்திலும் வரும். குழந்தைகளோடு போனால் ரோட்டைக் கடக்கும்போது கூடுதல் கவனம் தேவை.