பூண்டுலோயாவின் 480 வாய்கள்

முரசு நோயைப் பற்றி ஆழமாகப் படிக்கிற பல் மருத்துவ மாணவர், எந்த நாட்டில் இருந்தாலும், ஒரு பக்கத்தில் நம்ம ஆட்களைச் சந்திப்பார். 'இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்கள்' என்று அங்கே எழுதியிருக்கும். பெயர் இருக்காது. அவர்கள் கொத்மலைப் பக்கத்துப் பூண்டுலோயாவில், டன்சினன், ஹெரோ தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்கள். நம்ம தாத்தாமார் காலத்து ஆட்கள்.

கதை டென்மார்க்கில் ஆரம்பிக்குது. 1965இல் ஹரால்ட் லோ என்ற நோர்வேக்காரர், ஓஹூஸ் நகரில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் முரசு சிவந்து வீங்கியது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரமளவில் சரியாகிவிட்டது. பல்லில் படிகிற கிருமிப் படலந்தான் முரசு அழற்சிக்குக் காரணம், அதைத் தினமும் துடைத்தால் முரசு ஆறிவிடும் என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது.

அடுத்த கேள்வி: வருசக்கணக்காகத் துலக்காமலே விட்டால் என்ன ஆகும்? அதற்குத்தான் லோவும் கூட்டாளிகளும் இரண்டு கூட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். 1969இல் ஒஸ்லோவில் 565 மாணவர்களும் படித்தவர்களும். சின்ன வயதிலிருந்தே ஒழுங்கான பல் பராமரிப்புக் கிடைத்தவர்கள். 1970இல் பூண்டுலோயாவில் 14 முதல் 31 வயது வரையான 480 தொழிலாளர்கள். வழக்கமான பல் சுத்தமும் பல் வைத்தியமும் எட்டாதவர்கள். 1971, 1973, 1977, 1982, 1985 என்று திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். கொழுந்து எடுக்கிற பெண்கள் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

1986இல் வெளிவந்த முடிவு இது. சொத்தைப் பல் கிட்டத்தட்ட யாருக்கும் இல்லை. ஆனால் முரசு அழற்சி எல்லோருக்கும் இருந்தது. சுமார் 11 சதவீதம் பேருக்கு நோய் அதோடு நின்றுவிட்டது. 81 சதவீதம் பேருக்கு மெதுவாகவும், 8 சதவீதம் பேருக்கு வேகமாகவும் உள்ளே இறங்கியது. வேகமான கூட்டத்துக்கு 45 வயதில், பல்லைப் பிடித்திருக்கும் பிடிமானம் சராசரியாக 13 மில்லிமீட்டர் போயிருந்தது. பல பற்களுக்கு வேரே அவ்வளவு நீளந்தான். விழுந்த பற்கள் ஏறத்தாழ எல்லாமே முரசு நோயால் விழுந்தவை.

அந்த 15 வருசம் மலையகத்துக்கு எப்படிப்பட்ட வருசம்? 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1970களின் நடுவில் தோட்டங்களில் பட்டினி. 1977, 1983 வன்செயல்கள். 1985இல் மறுபடி அளக்கக் கிடைத்தவர்கள் 161 பேர். 2010இல் 75 பேர். மற்றவர்கள் ஒவ்வொருத்தரும் எங்கே போனார்கள் என்று மில்லிமீட்டர் கணக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எங்களை உறுத்துகிற விசயம் வேறு. துலக்கினால் முரசு ஆறும் என்பது 1965லேயே தெரிந்த சங்கதி. பல் மருத்துவக் கல்வி இதே மாகாணத்தில், பேராதனையில் நடந்துகொண்டிருந்தது. அப்படியிருக்க, இந்த ஆட்களுக்கு நோய்த் தடுப்போ சிகிச்சையோ எட்டியிருக்கவில்லை என்று 1986 கட்டுரை எழுதுகிறது. வைத்தியம் இல்லாதது ஆராய்ச்சிக்காரர்கள் உண்டாக்கிய நிலைமை இல்லை, தோட்ட அமைப்பு உண்டாக்கியது. ஆனாலும் அந்த இல்லாமையே ஆராய்ச்சிக்கு மூலதனமாச்சு. உலகத்துக்குக் கிடைத்த அறிவு பெரிசுதான். அதற்கு வாய் திறந்து காட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கு.

அந்த அறிவை இப்பவாவது லயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரலாம். 40 வருசத் தரவை வைத்து 2017இல் வந்த கட்டுரை ஒன்று, 30 வயதுக்குள் பிடிமான இழப்பு 2 மில்லிமீட்டருக்குள் நின்றவர்களுக்கு 60 வயதிலும் 20 பற்களாவது மிஞ்சும் வாய்ப்பு அதிகம் என்கிறது. அதாவது, இது கிழவர்களின் நோய் இல்லை. இதை வாசிக்கிற உங்கள் வயதில் தீர்மானமாகிற நோய்.

துலக்கும்போது ரத்தம் வருகிறதா? முதல் அறிகுறி அதுதான். பயந்து அந்த இடத்தை விட்டுவிடாதீங்க, அங்கேதான் படலம் இருக்கு. மென்மையான பிரஷை முரசும் பல்லும் சேருகிற விளிம்பில் சாய்த்து வைத்து, மெதுவாக, காலையும் இரவும் இரண்டு நிமிசம். பேஸ்ட் புளோரைட் உள்ளதாக இருக்கட்டும். கரி, சாம்பல், செங்கல் தூள் எல்லாம் பல்லைத் தேய்க்கும், முரசைக் கிழிக்கும். பல் இடுக்குக்கு நூலோ சின்ன இடுக்குப் பிரஷோ. உப்புத் தண்ணி கொப்பளித்தால் இதமாக இருக்கும், ஆனால் துலக்குவதற்கு அது ஈடாகாது. வெற்றிலை புகையிலையையும் சிகரெட்டையும் விடணும். புகை பிடிக்கிறவருக்கு ரத்தம் குறைவாகத்தான் கசியும், நோய் உள்ளுக்குள்ளே ஒளிந்து வளரும்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால், முரசு இறங்கினால், பல் ஆடினால், சீழ் வந்தால் வீட்டு வைத்தியம் போதாது. இறுகிப்போன பற்காரையை எந்தப் பிரஷும் எடுக்காது. அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் காசில்லாமல் பார்ப்பாங்க. ஒரு நாள் பேரை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். நாள் சம்பளக்காரருக்கு இலவச வைத்தியமும் இலவசம் இல்லை. அதனால், தோட்டத்து டிஸ்பென்சரிக்கே பல் கிளினிக் வரணும் என்று கேட்பதும் முரசுப் பராமரிப்பில் ஒரு பகுதிதான். கேட்கும்போது அந்த 480 பேரின் கணக்கைக் காட்டுங்க. அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.