ஹேஸ்டிங்ஸ் தெருவின் பியானோ

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடலான காஸ்பெலும், அவர்களுடைய உலகியல் பாடல்களான புளூஸ், ரிதம் அண்ட் புளூஸ் ஆகியவையும் 1950களில் கலந்து உருவான இசைவகை சோல் எனப்படுகிறது. அதன் அரசி என்று போற்றப்படும் அரீத்தா ஃபிராங்ளினைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய குரலைப் பற்றியே எழுதுகின்றனர். ஆனால் அவர் பாடிய பாட்டு விரல்களில் பிறந்து தொண்டைக்கு ஏறியது என்பதைக் கருதாமல், அவர் ஆறு ஆண்டுகள் தேங்கி நின்றதற்கோ பின்னர் சில வாரங்களில் உயர்ந்ததற்கோ காரணம் காண இயலாது.

அரீத்தா 1942 மார்ச் 25 அன்று டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் பிறந்தார். தந்தை சி. எல். ஃபிராங்ளின் மிசிசிப்பியில் பிறந்த பாப்டிஸ்ட் போதகர். தாய் பார்பரா சிகர்ஸ் பாடவும் பியானோ வாசிக்கவும் வல்லவர். தென்மாநிலங்களின் இன ஒதுக்கலிலிருந்தும் வறுமையிலிருந்தும் விடுபட விரும்பிய கறுப்பின மக்கள் வடக்கின் தொழில் நகரங்களுக்குப் பெருந்திரளாகக் குடிபெயர்ந்த அக்காலத்தில், இக்குடும்பமும் பஃபலோ வழியாக 1946இல் மோட்டார் ஆலைகளின் நகரமான டெட்ராய்ட்டை அடைந்தது. அங்கே ஹேஸ்டிங்ஸ் தெருவிலிருந்த நியூ பெத்தேல் தேவாலயத்தின் பொறுப்பைத் தந்தை ஏற்றார். முடிதிருத்தகங்களும் கடைகளும் இரவு விடுதிகளும் தேவாலயங்களும் நெருங்கி நின்ற அத்தெருவில், சனி இரவின் புளூஸ் இசைக்கும் ஞாயிறு காலையின் துதிக்கும் இடையே சில கதவுகளின் தொலைவுதான் இருந்தது.

ஃபிராங்ளினின் பிரசங்கமே ஓர் இசைப்பள்ளி. பேச்சாகத் தொடங்கி, மெல்ல ஒரு சுருதியைப் பற்றிக்கொண்டு, இறுதியில் பாட்டாகவே மாறிவிடும் இப்பிரசங்க முறையை வூப்பிங் என்பர். போதகர் விடும் ஒவ்வோர் இடைவெளியையும் சபையார் தம் மறுமொழியால் நிரப்ப, பியானோவும் ஆர்கனும் அதற்குத் துணைநின்றன. அதே தெருவில் இசைத்தட்டுக் கடை நடத்திய ஜோ வான் பேட்டில் இப்பிரசங்கங்களைப் பதிவுசெய்து விற்றதால், அவை டெட்ராய்ட்டுக்கு வெளியிலும் பரவின.

1948இல் பெற்றோர் பிரிந்தனர். அரீத்தாவுக்குப் பத்து வயது நிரம்பும் முன்னரே, 1952இல், தாய் இறந்தார். பியானோ கற்பிக்க ஏற்பாடு செய்யப்பட்ட ஆசிரியரின் தொடக்கப் பாடங்களில் மனம் ஒட்டாத சிறுமி, கேட்டதைக் கேட்டபடியே விரலில் பிடித்துக்கொள்ளும் கேள்விஞானத்தாலேயே அக்கருவியைத் தன்வசமாக்கிக்கொண்டார். தேவாலய இசையில் பணியாற்றிய ஜேம்ஸ் கிளீவ்லண்டின் வாசிப்பும், வீட்டுக்கு வந்துபோன கிளாரா வார்டு போன்ற காஸ்பெல் பாடகியரின் பாட்டும் அவருக்குப் பாடநூல்களாயின. காஸ்பெல் பியானோவில் இடக்கை தாளத்தையும் கீழ்ச்சுரங்களையும் தாங்க, வலக்கை பாடகர் மூச்செடுக்கும் இடங்களில் சபையைப் போல மறுமொழி கூறும். ஆகவே தானே வாசித்துப் பாடுபவருக்கு அது பக்கவாத்தியம் அன்று, பாட்டின் மறுபாதி. 1956இல், பதினான்கு வயதில், நியூ பெத்தேலில் அவர் பாடியவற்றை வான் பேட்டில் பதிவுசெய்தார்; அவற்றுள் ‘நெவர் குரோ ஓல்டு’ என்னும் துதிப்பாடலும் ஒன்று.

1960இல் கொலம்பியா நிறுவனத்தின் ஜான் ஹேமண்ட் அவரை ஒப்பந்தம் செய்தார். முதல் தொகுப்பில் அவரது பியானோ ஓரளவு ஒலித்ததாயினும், அடுத்தடுத்து வந்த தயாரிப்பாளர்கள் வயலின் குழுக்களையும் மேடை நாடகப் பாடல்களையும் கொண்டு அவரை நாகரிக விடுதிகளுக்கான பாடகியாக வடிக்க முயன்றனர். அப்பதிவுகளில் குறைபட்டது குரல் அன்று. குரலுக்கு மறுமொழி கூற வேண்டிய கையே ஓரத்தில் வைக்கப்பட்டது.

ஒப்பந்தம் முடிந்ததும் அவரை அட்லாண்டிக் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்ட ஜெர்ரி வெக்ஸ்லர், அவரைப் பியானோவின் முன் அமர்த்தி, அவரது வாசிப்பைச் சுற்றியே பிற கருவிகளை அமைப்பதென முடிவுசெய்தார். 1967 ஜனவரி 24 அன்று அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரிலுள்ள ஃபேம் பதிவுக்கூடத்தில், பெரும்பாலும் வெள்ளையரான இசைஞர்களுடன் ‘ஐ நெவர் லவ்ட் எ மேன்’ பாடல் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதன் நடை எளிதில் பிடிபடாதிருந்த வேளையில், ஸ்பூனர் ஓல்டம் மின்பியானோவில் ஒரு சிறு சொற்றொடர் போன்ற சுரக்கோவையைக் கண்டெடுக்க, அதைப் பற்றிக்கொண்டு அரீத்தாவின் பியானோவும் மற்றவையும் இணைந்தன. அன்று மூண்ட ஒரு சச்சரவால் பதிவு அந்த ஒரே நாளோடு நின்றுபோக, முழுமையடைந்த பாடல் ஒன்றும் அரைகுறையான மற்றொன்றுமே மிஞ்சின. அரைகுறைப் பாடலின் மீது அரீத்தா நியூயார்க்கில் தம் பியானோவையும், தம் சகோதரியருடன் சேர்ந்து குரல்களையும் மேற்பதிவாக, அதாவது முன்னரே பதிவான ஒலியின் மேல் புதிய ஒலியாக, ஏற்றி அதை நிறைவுசெய்தார்.

1967 பிப்ரவரி 14 அன்று பதிவான ‘ரெஸ்பெக்ட்’ இக்கதையின் உச்சம். ஓட்டிஸ் ரெடிங் எழுதி 1965இல் பாடிய அப்பாடலில், உழைத்து வீடு திரும்பும் ஆண் தனக்குரிய மதிப்பைக் கேட்கிறான். அதே கேள்வியைப் பெண்ணின் வாயில் வைத்த அரீத்தா, தலைப்புச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லும் பகுதியையும், பின்னணிக் குரல்கள் ஒவ்வொரு வரிக்கும் விடையிறுக்கும் அமைப்பையும் சேர்த்தார். போதகருக்குச் சபை மறுமொழி கூறிய ஹேஸ்டிங்ஸ் தெருவின் முறையே அங்கு ஒலித்தது. ஜூன் மாதத்தில் அப்பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

அந்த ஒலி நாடெங்கும் கேட்டபோது அதை ஈன்ற தெரு இல்லை என்பது துயரமான செய்தி. நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் கறுப்பினக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, ஹேஸ்டிங்ஸ் தெருவின் பெரும்பகுதி கிரைஸ்லர் நெடுஞ்சாலைக்கு அடியில் போயிற்று. நியூ பெத்தேல் 1963இல் லின்வுட் பகுதியிலிருந்த பழைய திரையரங்கக் கட்டடத்துக்குப் பெயர்ந்தது.

1972 ஜனவரியில், புகழின் உச்சியில் இருந்த அரீத்தா, லாஸ் ஏஞ்சலிஸின் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஜேம்ஸ் கிளீவ்லண்டுடன் இரண்டு இரவுகள் ‘அமேசிங் கிரேஸ்’ தொகுப்பைப் பதிவுசெய்தார். பதினான்கு வயதில் பாடிய ‘நெவர் குரோ ஓல்டு’ பாடலை அங்கே மீண்டும் எடுத்தபோது அவர் பியானோவில் அமர்ந்தே பாடினார். பாடிக்கொண்டிருந்த மகளின் முகத்து வியர்வையை அருகில் வந்து துடைத்தார் சி. எல். ஃபிராங்ளின்.