சாவா மூவாப் பேராடு

கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில், விக்கிரமங்கலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. சோழர் காலத்துப் புத்தர் சிலைகள் கிடைத்த ஊர் அது. ராஜேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரமும் அதே மாவட்டத்தில்தான். அந்தச் சீமையின் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே கதை எழுதுகிறவனுக்கு யானைப் படையும் நிலா முற்றமும் கண்முன் வந்துவிடும்.

ஆனால், கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டிப் பார்த்தால் அவன் சற்று ஏமாந்துதான் போவான். அரசனுடைய வீரப் பிரதாபங்களைச் சொல்லும் மெய்க்கீர்த்தி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பேசுகிறவன் கணக்கன். இன்னாருக்கு இத்தனை கலம் நெல், இன்ன விளக்குக்கு இத்தனை நெய் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறான். கதைக்கு உதவாது என்று மூடி வைத்துவிடத் தோன்றும். அப்படி மூடிவிடாமல் சற்றே பொறுத்துப் படித்தால், இன்று கல்லூரிகளில் பிள்ளைகளைத் திணற அடிக்கும் ஒரு கணிதக் கருத்து அங்கே ஆட்டுப்பட்டியில் நிற்பதைக் காணலாம்.

கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து தஞ்சைக்குப் போவோம். முதலாம் ராஜராஜன் (985–1014) எடுப்பித்த பெரிய கோயிலின் சுவர்க் கல்வெட்டுகளை 1890களில் ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் பதிப்பித்து வெளியிட்டார். அவற்றில் திருவிளக்குகளுக்கான ஏற்பாடு விரிவாகச் சொல்லப்படுகிறது. ஒரு விளக்கு அணையாமல் எரிய நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக இடையன் ஒருவனிடம் 96 ஆடுகளை ஒப்படைத்தார்கள். ஆட்டுக்குப் பதில் 48 பசுக்கள் கொடுக்கலாம். அல்லது 16 எருமைகள் கொடுக்கலாம். மூன்றையும் கலந்தும் கொடுக்கலாம்.

இதில் பொதிந்திருக்கும் விதியைக் கவனியுங்கள். ஒரு பசு இரண்டு ஆடுகளுக்குச் சமம். ஓர் எருமை ஆறு ஆடுகளுக்குச் சமம். உதாரணத்துக்கு, ஓர் இடையனிடம் 30 ஆடும், 24 பசுவும், 3 எருமையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30, அதோடு 48, அதோடு 18. ஆக மொத்தம் 96. ஒரு விளக்குக்குச் சரியாகப் போய்விட்டது!

எத்தனை விதமான மந்தை வந்தாலும் கணக்கன் திகைக்க வேண்டியதில்லை. 1, 2, 6 என்ற மூன்று எண்களை மட்டும் அவன் மனத்தில் வைத்திருந்தால் போதும். இரண்டு மந்தைகளை ஒன்று சேர்த்தால் விளக்குகளும் அப்படியே சேரும். மந்தையை மூன்று மடங்காக்கினால் விளக்குகளும் மூன்று மடங்காகும். இவ்விரண்டு குணங்களும் உள்ள மாற்றத்தைத்தான் கணித நூல்கள் 'நேரியல் உருமாற்றம்' என்று சொல்லுகின்றன. பெயர்தான் பயமுறுத்துகிறது; விஷயம் இவ்வளவுதான்.

கணக்கனிடம் இன்னொரு கேள்வியும் கேட்போம்: "பட்டியில் மொத்தம் எத்தனை தலை?" இதற்கு எல்லாப் பிராணியும் ஒன்றுதான். ஆகவே 1, 1, 1. விளக்குக்குரிய 1, 2, 6 என்பதை மேல் வரிசையிலும், தலைக்கணக்குக்குரிய 1, 1, 1 என்பதைக் கீழ் வரிசையிலும் எழுதினால் ஒரு சிறு கட்டம் கிடைக்கிறது. இந்தக் கட்டத்துக்குத் தமிழ்ப் பாடநூல்களில் 'அணி' என்று பெயர். கல்லூரி வழக்கில் 'மேட்ரிக்ஸ்'. ஒவ்வொரு நெடும் பத்தியும் ஒரு பிராணியின் கதையைச் சொல்லுகிறது. எருமையின் பத்தியில் 6, 1: அதாவது விளக்குக் கணக்கில் ஆறு ஆட்டுக்குச் சமம், தலைக் கணக்கில் ஒன்று. அடிப்படையான ஒவ்வொன்றும் என்னவாக மாறுகிறது என்று எழுதி வைத்துவிட்டால், அவற்றைக் கலந்து உண்டாகும் எதுவும் என்னவாக மாறும் என்பது தானே தெரிந்துவிடும். அணியின் ரகசியமெல்லாம் இதுதான்.

அப்படியானால், மேட்ரிக்ஸைக் கண்டுபிடித்தவர்கள் சோழர்களே என்று மார் தட்டிக்கொள்ளலாமா? கூடாது. கணக்கன் கட்டத்தைப் பயன்படுத்தினான். கட்டத்தையே ஒரு பொருளாக எடுத்து வைத்துக்கொண்டு ஆராயவில்லை. அந்தக் காரியம் இங்கிலாந்தில் நடந்தது. 1850-இல் சில்வெஸ்டர் 'மேட்ரிக்ஸ்' என்ற பெயரைச் சூட்டினார். அவருடைய நண்பர் கெய்லி, வழக்கறிஞராகப் பத்திரம் எழுதிப் பிழைத்துக்கொண்டே கணிதத்தில் ஈடுபட்டவர், 1858-இல் அணிகளைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு மாற்றத்துக்குப் பின் இன்னொரு மாற்றம் செய்தால், இரண்டு கட்டங்களையும் பெருக்கி ஒரே கட்டமாக எழுதிவிடலாம் என்று அதில் காட்டினார்.

நம் இடையன் கணக்கிலேயே இதைப் பார்க்கலாம். மந்தையிலிருந்து விளக்கு, விளக்கிலிருந்து ஆண்டு நெய். ஒரு விளக்குக்கு ஆண்டுக்கு 365 உழக்கு. இரண்டு படிகளையும் ஒன்றாக்கினால், ஓர் ஆட்டின் பங்கு ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு உழக்கு, அதாவது ஒரு நாழி நெய். நடுவே விளக்கை எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது.

ஆனால் இந்தப் பெருக்கலில் ஒரு விசித்திரம் உண்டு. வரிசையை மாற்றினால் விடை மாறலாம். 'க' என்ற எழுத்தைக் கண்ணாடியில் காட்டிவிட்டுப் பிறகு கால் வட்டம் திருப்பிப் பாருங்கள்; முதலில் திருப்பிவிட்டுப் பிறகு அதே கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இரா. 1925-இல் ஹைசன்பர்க் அணுவுக்குள் நடப்பதை விளக்க முயன்றபோது இதே விசித்திரத்தில் முட்டிக்கொண்டு நின்றார். "இது அணிகளின் பெருக்கல் அல்லவா!" என்று அடையாளம் கண்டுகொண்டவர் அவருடைய பேராசிரியர் மாக்ஸ் போர்ன்.

இன்னும் ஒரு நுட்பம் சொல்ல வேண்டும். கட்டம் வேறு, மாற்றம் வேறு. ஆட்டை அலகாகக் கொண்டால் விளக்கு வரிசை 1, 2, 6. எருமையை அலகாகக் கொள்ளுகிற கணக்கன் ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று, ஒன்று என்று எழுதுவான். இரண்டு ஓலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எண்கள் ஒத்துவரா. ஆனால் சந்நிதியில் எரியும் விளக்கு ஒன்றேதான். எந்த அலகை எடுத்துக்கொண்டோம் என்பதைப் பொறுத்துத்தான் எண்கள் அமைகின்றன. இதை மறந்துவிட்டு எண்களையே உண்மை என்று பிடித்துக்கொள்ளுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

இனி, கதாசிரியனுடைய மனத்தை உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். 96 ஆடு இன்றைக்கும் 96, நாளைக்கும் 96, சந்திர சூரியர் உள்ளவரை 96 என்பதுதான் இந்தக் கணக்கின் அஸ்திவாரம். ஆடு சாகாதா? கிழடு தட்டாதா? கல்வெட்டுகள் இதற்கு ஓர் அழகான சொற்றொடர் வைத்திருக்கின்றன: 'சாவா மூவாப் பேராடு'. செத்தவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்ப வேண்டும். மந்தையின் எண்ணிக்கை குறையவே கூடாது என்பது பொருள்.

இயற்கை அப்படி நேர்கோட்டில் நடப்பதில்லை. கோடையில் புல் கருகும். மழைக்காலத்தில் நோய் வரும். பாதி மந்தை போய்விட்டால் மீதியிலிருந்து பாதிப் பால்கூட வராத நாளும் உண்டு. அந்த நாளிலும் கோயிலுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கத்தான் வேண்டும். யார் கொடுப்பது? கணக்கில் இதற்கு இடமில்லை, கல்வெட்டில் இருக்கிறது. இடையன் பெயரோடு நிற்காமல், அவனுடைய தம்பி, மற்ற உறவுமுறையார் என்று பெயர் பெயராக வெட்டி வைத்திருக்கிறார்கள். அவனால் முடியாமற் போனால் அவர்கள் பொறுப்பு.

கட்டம் பிழையற்றதுதான். ஆட்டு மந்தை கட்டத்துக்குள் அடங்காத நாளில், அந்தக் குறையை ஒரு குடும்பம் தன் வீட்டுத் தயிர்ப் பானையிலிருந்து ஈடு செய்தது. இன்று அணிகளைக் கொண்டு பெரிய பெரிய திட்டங்களுக்குக் கணக்குப் போடுகிறோம். எதை 'சாவா மூவா' என்று வைத்துக்கொண்டு போடுகிறோம், அது தவறினால் யாருடைய தம்பி பெயர் அடியில் எழுதியிருக்கிறது என்பதையும் கூடவே விசாரித்துக்கொள்வது நல்லது.