எந்திரத்திடமிருந்து திரும்பி வந்த தாளம்

துர்க்கா பூசை நாள்களில் ஹவுராவின் பந்தல்களில் இருவகை டாக் முழக்கம் கேட்கும். ஒன்று, தோளில் தொங்கும் பெருமுரசை இரு மெல்லிய குச்சிகளால் அடிக்கும் கலைஞருடையது. பக்கத்தில் ஒரு சிறுவன் காஞ்சர் தட்டிக்கொண்டிருப்பான். மற்றொன்று ஒலிபெருக்கியில் ஓடும் பதிவு. பதிவுக்குக் கூலி இல்லை. அது களைப்பதும் இல்லை. எந்திரம் தாளக் கலைஞரின் இடத்தைப் பிடித்த கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதன் மறுபாதி, அதாவது கலைஞர் எந்திரத்தைப் பார்த்துத் தம் கையை மாற்றிக்கொண்ட வரலாறு, அதிகம் பேசப்படுவதில்லை.

மொழியியலில் இதற்கு நிகரான நிகழ்வு ஒன்று உண்டு. தமிழின் 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குச் சென்று இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கலாயிற்று. பின்னர் 'கேட்டமரான்' என்று தமிழ் நாளிதழ்களுக்கே திரும்பி வந்தது. திரும்பி வந்த சொல்லும் புறப்பட்டுப் போன சொல்லும் ஒரே பொருளைச் சுட்டவில்லை. டிரம்ஸ் வாசிப்பிலும் இவ்வாறே நிகழ்ந்தது.

1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்னும் அமெரிக்கக் குழு வெளியிட்ட இசைத்தட்டின் பின்பக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்ற பாடல் இருந்தது. அதன் நடுவே மற்றக் கருவிகள் ஓய, கிரிகரி கோல்மன் நான்கு ஆவர்த்தனம் தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். ஏழு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜங்கிள் இசைஞர்கள் அத்துண்டைச் சாம்ப்ளரில் ஏற்றி, வெட்டி, வரிசை மாற்றி, நிமிடத்துக்கு ஏறக்குறைய 137 அடியாக இருந்ததை 160க்கும் மேலே விரைவுபடுத்தினர். வேகத்தோடு சுருதியும் ஏறியதால் ஸ்நேரின் ஒலி கூர்மையாகவும் சிறியதாகவும் ஆயிற்று. எந்த மனிதக் கையும் வாசித்திராத தாளம் அப்படித்தான் பிறந்தது. கோல்மனுக்கு ஒரு காசும் வரவில்லை. 2006இல் அவர் வீடற்ற நிலையில் இறந்ததாகக் குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் பின்னாளில் கூறினார். 2015இல் இரசிகர்கள் திரட்டிய 24,000 பவுண்டு ஸ்பென்சரைச் சென்றடைந்தது. அதைப் பெறக் கோல்மன் உயிரோடில்லை.

1990களின் இறுதியில் நியூயார்க்கில் வாழ்ந்த சுவிட்சர்லாந்துக் கலைஞர் ஜோஜோ மேயர், தம் நெர்வ் குழுவுடன் அந்த வாசிக்க இயலாத தாளத்தை மீண்டும் தோற்கருவிக்குக் கொண்டுவந்தார். இதற்கு வேகம் மட்டும் போதாது; கருவியையே மாற்றியமைக்க வேண்டும். சுருதி ஏறிய சாம்ப்ளின் ஒலிக்காகச் சிறு விட்டமுள்ள ஸ்நேரை இறுக்கிக் கட்டுகிறார்கள். எந்திரத்தில் ஒலி சட்டென அறுபடுவதைப் போலக் காட்ட, ஒரு சிம்பலின்மேல் இன்னொன்றைக் கவிழ்த்து அதன் ரீங்காரத்தை அடக்குகிறார்கள். கடினமான பகுதி கை சார்ந்தது. ரோலண்ட் டிஆர்-808 போன்ற எந்திரத்தில் ஓர் அடி சாதாரணமாகவோ அழுத்தமாகவோ ஒலிக்கும், இடைநிலைகள் இல்லை. டிரம்ஸ் கலைஞரோ பல ஆண்டுப் பயிற்சியில் அந்த இடைநிலைகளைத்தான் சேர்த்து வைத்திருக்கிறார். அவற்றை வேண்டுமென்றே மறக்க வேண்டியிருக்கிறது. இதை வெறும் போலச்செய்தல் என ஒதுக்குவோர் இந்த உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதே டிஆர்-808 இந்தியாவுக்கு வந்தது வேறு வழியில். பம்பாய்த் திரையிசைக் கூடங்களில் பின்னணிக் கலைஞராக இருந்த சரண்ஜித் சிங், 1982இல் டிஆர்-808, டிபி-303, ஜூபிடர்-8 ஆகியவற்றை வைத்துப் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். எச்எம்வி முத்திரையில் அதை வெளியிட்டது கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிராமபோன் கம்பெனி. ஹவுராவிலிருந்து ஆறு தாண்டினால் அடையும் தம்தம்மில்தான் அதன் ஆலை இருந்தது. தட்டு விற்கவில்லை. சிகாகோவின் 'ஆசிட்' இசை 1987இல் வெளிவந்தபோது, டிபி-303இன் அதே நெளியும் ஒலி உலகுக்குப் புதிதாகத் தோன்றியது. 2010இல் மறுவெளியீடு வந்த பிறகே சிங் கவனிக்கப்பட்டார், 2015இல் மறைந்தார். இங்கே ஒரு முரண்: தாள எந்திரமும் சீக்வென்சரும் திரைக்கூடங்களில் பின்னணிக் கலைஞர்களின் வேலையைப் பின்னர் பறித்தன, அவற்றை முதலில் ஆர்வத்தோடு ஏற்றவர்களுள் ஒருவர் அந்தப் பின்னணிக் கலைஞர்களின் வரிசையிலிருந்தே வந்தவர்.

இன்றைய கொல்கத்தாவில் பரேக் & சிங் இரட்டையரின் ஜீவ்ராஜ் சிங், டிரம்ஸையும் மின்னணு ஒலிகளையும் தாமே கையாள்கிறார். இவர்களின் 'ஓஷன்' தொகுப்பை 2016இல் இலண்டனின் பீஸ்ஃப்ராக் நிறுவனம் வெளியிட்டது. எந்திரமா கையா என்ற பழைய வழக்கு அவர் வாசிப்பில் எழுவதே இல்லை. ஹவுராவின் டாக் கலைஞருக்கோ அது ஒவ்வொரு பூசைக் காலத்திலும் கூலிப் பேச்சின்போது எழுகிறது.