பணி இடைமுகம் (எந்திரக் கற்றல்)

பணி இடைமுகம் என்பது எந்திரக் கற்றல் நிரலகம் ஒன்றில், அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பில், தரவு அட்டவணையையும் அதில் கணிக்க வேண்டிய இலக்கு நெடுவரிசையையும் ஒரே பொருளாகக் கட்டி, எந்தக் கற்றல் முறைக்கும் மாற்றமின்றி வழங்கும் வடிவமைப்பு ஆகும்.

இலக்கு எண்ணாயின் தொடர்போக்குப் பணி எனவும், பெயராயின் வகைப்படுத்தல் பணி எனவும் இது பிரிக்கப்படும். ஆத்தூர் வட்டாரச் சேகோ ஆலைக்கு வரும் மரவள்ளிக் கிழங்கின் ரகம், வயது, அறுவடை மாதம் ஆகியவற்றிலிருந்து, விலைக்கு அடிப்படையாகும் மாவுச்சத்துப் பாயிண்ட்டை, அதாவது கிழங்கின் மாவுச்சத்து அளவைக் குறிக்கும் எண்ணைக் கணிப்பது முதல்வகைக்கு எடுத்துக்காட்டாகும். அப்பணியில் எடைச்சீட்டு எண் போன்ற, கற்றலுக்கு உதவாத நெடுவரிசைகள் விலக்கப்பட்டவையாகக் குறிக்கப்படும்.

ஆர் நிரல்மொழிக்கான எம்எல்ஆர்3 நிரலகம் (2019) பணியைத் தனி வகுப்பாகவே கொண்டிருக்க, 2007இல் தொடங்கப்பட்ட சைக்கிட்-லேர்ன் நிரலகம் தரவையும் இலக்கையும் தனித்தனியே பெறுகிறது. பல கற்றல் முறைகளை ஒரே அளவுகோலில் ஒப்பிடப் பணி இடைமுகம் வழிசெய்கிறது.