கணக்காய்வாளர் கற்க வேண்டிய கல்வி

பளையிலும் அதனைச் சூழ்ந்த பச்சிலைப்பள்ளியிலும் தென்னை பெருஞ்செல்வமாகும். அங்கே கொப்பரைக் கணக்கைச் சரிபார்க்கச் செல்பவருக்குக் கூட்டலும் கழித்தலும் மட்டும் தெரிந்தாற் போதுமா? முற்றிய தேங்காய்ப் பருப்பின் நிறையில் ஏறக்குறையப் பாதி நீர். உலர உலர நிறை குறையும். இதனை அறியாத கணக்காய்வாளர் குற்றமற்ற பண்டகசாலைக் காப்பாளரைக் கள்வர் என்பார். எவ்வளவு குறையும் என்பதை அறியாதவரோ உண்மைக் கள்வரையும் விட்டுவிடுவார்.

இக்கவலை நம்மவருக்குப் புதியதன்று. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டின்படி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் குடவோலைக்குத் தகுதி இழந்தார். அவருடைய நெருங்கிய உறவினரும் இழந்தனர். கணக்கு எழுதுவோர் தம் காலத்துக் கணக்கைத் தாமே ஒப்புவிக்க வேண்டும். அதனை முடிக்க வேறொருவர் புகலாகாது. சரியெனக் காணும்வரை அவருக்கு மீண்டும் அப்பணி இல்லை. உறவினரையும் விலக்கியது கடுமைதான். ஆயினும் ஊர்ப்பணம் எவ்வழியே ஒழுகும் என்பதை அச்சபையார் நன்கறிந்திருந்தனர்.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். மெக்கெசன் அண்டு ராபின்ஸ் என்னும் மருந்து வணிக நிறுவனத்தின் ஏடுகளில், உலகில் எங்கும் இல்லாத சரக்குக்குப் பல இலட்சம் டொலர் பெறுமதி எழுதப்பட்டிருந்தது. வெளியார் கணக்காய்வாளர் தாள்களைக் கண்டனர், பண்டகசாலையைக் காணவில்லை. 1938இல் மோசடி வெளிப்பட்டபின், சரக்கை நேரிற் பார்ப்பது அங்கே தொழில்முறையாயிற்று. 1941இல், நிறுவனத்துக்குள்ளேயே இருந்து ஆராயும் உள்ளகக் கணக்காய்வாளருக்கென ஒரு சங்கம் நியூயோர்க்கில் தோன்றிற்று. ஏடு சரியா என்று பார்ப்பதோடு நின்ற பணி, வேலை நடக்கும் முறையே சரியா என்று வினவும் பணியாக வளர்ந்தது. அச்சங்கம் வகுத்த புதிய உலக நியமங்கள் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன.

இலங்கையிலும் 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் அரச நிறுவனங்களுக்கு உள்ளகக் கணக்காய்வாளர் வேண்டுமென விதித்தது. அவருடைய நிலை எளிதன்று. தம்முடன் நாள்தோறும் பணியாற்றுவோரின் பிழையையே அவர் எழுத வேண்டியிருக்கிறது. இப்பொழுது கணினியையும் அவர் கற்க வேண்டும். பேரேட்டில் அழித்தெழுதிய தடத்தைக் கண் காணும். கணினியிலோ நேற்றைய எண்ணை இன்று மாற்றியவர் யார், எந்நேரம் மாற்றினார் என்பதைத் தேடியறிய வேண்டும். அதை அறிந்த பின்னரும், கொப்பரை மூட்டையைத் தராசில் ஏற்றிப் பார்க்கும் வேலை அவருக்கு எஞ்சியே இருக்கிறது.